ஜூமா, பிளாக் லென்ஸா? ஷார்ட் ஃபிலிமும் டாகுமெண்டரியும் ஒரே கேமரால பண்ணணும்

நிழல்ரசிகன்:

வணக்கம் நண்பர்களே, ரொம்ப நாளா மண்டைல ஓடிட்டு இருக்கற கேள்வி. சோனி எஃப்எக்ஸ்30 வச்சிருக்கேன், இதுவரைக்கும் ஒரு ஸ்டில் கேமரா ஜூம் லென்ஸை மட்டுமே வச்சு எல்லாம் எடுத்துட்டேன். இப்ப கைல ரெண்டு வேலை. ஒண்ணு 20 நிமிஷ ஷார்ட் ஃபிலிம், கிட்டத்தட்ட முழுக்க ஒரே ரூம், ராத்திரி, ஃப்ரேமுக்குள்ளயே ஒரு டேபிள் லேம்ப் எரியும், அதுதான் அந்த சீனோட உயிரே. இன்னொண்ணு ஒரு நாடகக் குழு கூடவே மூணு மாசம் சுத்தி எடுக்கப்போற டாகுமெண்டரி.

கைல இருக்கற காசுக்கு ஒண்ணுதான் வாங்க முடியும். 18-55 எம்எம் ரேஞ்சுல ஒரு T2.8 சினி ஜூம், இல்லன்னா 24, 35, 50, 85 எம்எம்னு நாலு T1.5 பிளாக் லென்ஸ் (ஜூம் ஆகாத, ஒரே எம்எம் லென்ஸ்). T நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் ஜாஸ்தி வரும். கேட்டா ஒருத்தர் பிளாக்தான் சினிமா, ஜூம் டிவிக்குன்னு சொல்றார், இன்னொருத்தர் இந்தக் காலத்துல யார் லென்ஸ் மாத்திட்டு இருப்பாங்கன்னு கேக்கறார். ரெண்டு பேருமே காரணம் சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும், லோ லைட்ல T2.8 போதுமா, அப்புறம் ஜூம்ல எடுத்தா படம் நிஜமாவே வேற மாதிரி தெரியுமா.

---

ஃபோகஸ்_மார்க்:

ப்ரோ நான் ஃபோகஸ் புல்லர், ஷாட் ஓடறப்ப ஃபோகஸ் மட்டும் பாக்கறவன், அதனால என் பக்கத்துல இருந்து பேசறேன். லோ லைட்டுக்கு T1.5 வேணும்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க, ஆனா அந்த T1.5ல ஃபோகஸ் எவ்வளவு கிடைக்கும்னு யாரும் கணக்கு போட்டு பாக்கறதில்ல. 85ல, உங்க கேமரால இருக்கற சூப்பர் 35 அளவு சென்சார்ல, ஆளு ஒன்றரை மீட்டர் தூரத்துல உக்காந்திருந்தா ஷார்ப்பா இருக்கற ஆழம் தோராயமா ரெண்டே சென்டிமீட்டர்தான். இமை ஷார்ப், காது போயிடும். நடிக்கறவங்க ஒரு பெருமூச்சு விட்டா தலை அதைவிட அதிகமா நகரும். தனியா ஒருத்தர் மானிட்டர் பாத்து ஃபோகஸ் போட ஆள் இருந்தா பண்ணலாம், நீங்களே கேமராவும் புடிச்சு நீங்களே ஃபோகஸும் போடுவீங்கன்னா அந்த T1.5ஐ நீங்க திறக்கவே மாட்டீங்க, T2.8 இல்ல T4லதான் நிப்பீங்க. அப்ப அந்த ரெண்டு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) எதுக்கு காசு குடுத்தோம்னு ஆயிடும்.

ஆனா உங்க ஷார்ட் ஃபிலிமுக்கு நான் பிளாக்தான் சொல்லுவேன், காரணம் வெளிச்சம் இல்ல. அந்த லேம்ப். ஜூம் உள்ள கண்ணாடி நிறைய, அது சும்மா நகர்றதுக்காகவே தனித்தனி குரூப்பா இருக்கும், ஒவ்வொரு பரப்புலயும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி உள்ளயே சுத்தும். ஃப்ரேமுக்குள்ள பல்பு எரியும்போது அது மொத்த இருட்டு மேலயும் ஒரு மெல்லிசு புகை மாதிரி பரவும், கருப்பு கருப்பா இருக்காது. பிளாக்ல கண்ணாடி கம்மி, அதனால இது பொதுவா குறைவு. கோட்டிங் நல்லா இருக்கற ஜூம்ல பெருசா தெரியாமலும் போகலாம், அதனால நீங்க வாங்க நினைக்கற அதே லென்ஸை, அதே மாதிரி லேம்ப் வச்சு பாக்காம முடிவு பண்ணாதீங்க.

இன்னொண்ணு, T-ஸ்டாப்பை T-ஸ்டாப்போடதான் ஒப்பிடணும். ஸ்டில் லென்ஸ்ல எழுதியிருக்கற f2.8 வெறும் துவாரக் கணக்கு, கண்ணாடி தின்ன வெளிச்சம் அதுல கழியாது. T2.8ன்னா கழிச்சது போக சென்சாருக்கு வந்து சேர்றது.

---

பின்தொடர்பவன்:

நான் டாகுமெண்டரி பக்கம். எனக்கு ஒரு அனுபவம் இருக்கு, இன்னும் மனசு ஆறல. ஒரு பெரியவர் வீட்ல எடுத்துட்டு இருந்தேன், முப்பது வருஷமா தொறக்காத ட்ரங்க் பெட்டின்னு சொன்னாரு, தொறக்க மாட்டேன்னும் சொல்லிட்டாரு, சரின்னு நான் 35ஐ கழட்டிட்டு 85 மாட்டிட்டு இருக்கேன், அப்பதான் அவரா எந்திரிச்சு போய் பெட்டியைத் தொறந்து உள்ள இருந்த வேட்டியை எடுத்து முகத்துல வச்சுக்கிட்டாரு. என் கைல கேமரா, கேமரால லென்ஸ் இல்ல. திரும்ப ஒருக்கா பண்ணுங்கய்யான்னு அதைக் கேக்க முடியுமா, கேக்கக் கூடாது. அதுக்கப்புறம் நான் நிஜ மனுஷங்களை எடுக்கப் போறப்ப ஜூம் இல்லாம போறதில்ல.

ஆனா என்ன ஜூம்ங்கறதுதான் முக்கியம். நீங்க இப்ப வச்சிருக்கற ஸ்டில் ஜூம் அனேகமா பார்ஃபோகல் கிடையாது, அதாவது டெலில (கிட்ட இழுத்து) ஃபோகஸ் போட்டுட்டு வைடுக்கு (அகலமா) வந்தா ஃபோகஸ் நகர்ந்திருக்கும், ஆட்டோ ஃபோகஸ் அதைத் துரத்திப் புடிக்கறதால போட்டோ எடுக்கறவங்களுக்கு அது தெரியாது. f3.5-5.6 மாதிரி ரெண்டு நம்பர் போட்டிருந்தா ஜூம் பண்ணப் பண்ண படமும் இருட்டாகும். சினி ஜூம்ல ஃபோகஸ் நிக்கும், ஸ்டாப் நிக்கும், ஃபோகஸ் போடறப்ப ஃப்ரேம் உள்ள வெளிய மூச்சு விடறதும் ரொம்ப கம்மியா இருக்கும். அதனால டெலிக்குப் போய் கண்ல ஃபோகஸ் போட்டுட்டு, அப்படியே வைடுக்கு வந்து ரெக்கார்ட் பண்ணலாம். தனி ஆளா வேலை செய்யறவனுக்கு அதைவிட பெரிய உதவி வேற எதுவும் இல்ல.

கனத்தைப் பத்தி பயப்படாதீங்க. ஆஞ்ஜெனியூ ஆப்டிமோ 24-290 மாதிரி 11 கிலோ ஜூம் பாத்துட்டு எல்லா ஜூமும் அப்படின்னு நினைக்கறாங்க, ஃபுஜினான் எம்கே 18-55 T2.9 வெறும் 980 கிராம். அதோட சோனியோட இ-மவுண்ட்டுக்கு வர்ற எம்கேல பேக் ஃபோகஸை, அதாவது லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவுல இருக்கற தூரத்தை, நாமளே சரி பண்ணிக்கற வசதியும் இருக்கு.

ஒரு எச்சரிக்கை மட்டும். எலக்ட்ரானிக் தொடர்பு இல்லாத மேனுவல் லென்ஸ் மாட்டினா கேமராவுக்கு எத்தனை எம்எம்னு தெரியாது, பாடி உள்ள இருக்கற, ஆட்டத்தைக் குறைக்கற ஸ்டெடிஷாட்டுக்கு நீங்கதான் நம்பர் போடணும். பிளாக்னா ஒருதடவை போட்டா முடிஞ்சது. ஜூம்ல 18ன்னு போட்டுட்டு 55க்குப் போனா அது திருத்த வேண்டிய அளவுக்கு திருத்தாது, 55ன்னு போட்டுட்டு 18க்கு வந்தா தேவைக்கு மேல திருத்தி படத்தை இழுக்கும். நான் அதை அணைச்சுட்டு மோனோபாட்ல எடுக்கறேன்.

---

ஒளிக்கீற்று:

ஷார்ப்னெஸ் பத்தி யாரும் இன்னும் பேசல, அது நல்லதுதான், நல்ல சினி ஜூமுக்கும் நல்ல பிளாக்குக்கும் 4கேல பாத்து வித்தியாசம் சொல்றது கஷ்டம். எனக்கு பெருசா தெரியற வித்தியாசம் நம்ம கால்தான். ஜூம் கைல இருந்தா நின்ன இடத்துலயே நின்னு திருகறோம். ஆனா முகத்துக்கும் பின்னாடி சுவருக்கும் நடுவுல இருக்கற உறவு கேமரா எங்க நிக்குதுங்கறதுலதான் மாறும், எம்எம்ல இல்ல. 35 மாட்டிட்டு ஒருத்தர் முகத்துக்கிட்ட போய் நின்னு எடுத்த க்ளோஸப்பும், ரூம் மூலைல நின்னு 55க்கு இழுத்து எடுத்த க்ளோஸப்பும் ஒரே சைஸ்ல இருந்தாலும் ஒண்ணுல நாம அவங்க கூட இருக்கோம், இன்னொண்ணுல வேடிக்கை பாக்கறோம்.

ஜூம்ல எடுத்தா வேற மாதிரி தெரியும்னு சொல்றவங்க பாதி பேர் இதைத்தான் பாக்கறாங்கன்னு நினைக்கறேன். அதனால ஜூம் வாங்கினாலும் முதல்ல எங்க நிக்கணும்னு முடிவு பண்ணுங்க, அப்புறம் ரிங்கைத் தொடுங்க.

---

நிழல்ரசிகன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நீங்க சொன்ன மாதிரியே ஒரு சினி ஜூமும் ஒரு 35 பிளாக்கும் ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்து டெஸ்ட் பண்ணிட்டேன், முடிவு எழுதறேன், இதே கேள்வியோட வர்றவங்களுக்கு உதவும்.

முதல்ல வெளிச்சம். எஃப்எக்ஸ்30ல எஸ்-லாக்3க்கு (அப்புறம் கலர் சரி பண்ண வசதியா எடுக்கற மோட்) பேஸ் ஐஎஸ்ஓ, அதாவது சென்சார் நல்லா வேலை செய்யற அளவு, ரெண்டு, 800, 2500. பிளாக்கை T1.5ல 800ல வச்சேன், ஜூமை T2.8ல 2500ல வச்சேன். வேவ்ஃபார்ம்ல (வெளிச்ச அளவைக் காட்டற கிராஃப்) ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல நிக்குது! அப்புறம் உக்காந்து கணக்கு போட்டா லென்ஸுக்கு நடுவுல 1.8 ஸ்டாப், ஐஎஸ்ஓக்கு நடுவுல 1.6 ஸ்டாப், அதான். 2500ல நிழல் பகுதில நாய்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா எனக்கு உறுத்தல. இத்தனை நாள் வெளிச்சத்துக்காகத்தான் பிளாக்னு நினைச்சிட்டு இருந்தேன், என் கேமராவுல அந்தக் காரணம் பெருசா நிக்கல. அதோட T2.8ல நடிக்கறவங்க குனிஞ்சு நிமிர்ந்தப்ப கூட ஃபோகஸ் என் கைக்குள்ளயே இருந்துச்சு.

அடுத்து லேம்ப். ஃபோகஸ்_மார்க் அண்ணே, நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சு. ஜூம்ல சுவரோட மூலை சாம்பலா ஆயிடுச்சு, 35ல அதே மூலை இருட்டாவே இருந்துச்சு. கிரேடிங்ல கருப்பை இறக்கிப் பாத்தேன், இறக்கினா முகத்துல இருக்கற மெல்லிசான நிழலும் சேந்து போயிடுது. என் கதைல அந்த மூலை இருட்டா இருந்தே ஆகணும்.

ஒளிக்கீற்று சொன்னதுக்காக இன்னொண்ணு பண்ணேன். நாடகக் குழு ஒத்திகைக்கு ஜூமோட போய் நாள் முழுக்க எடுத்தேன், ஒவ்வொரு ஷாட் முடிஞ்சதும் ரிங் எங்க நின்னுச்சுன்னு நோட்ல எழுதினேன். பெரும்பாலும் 22ல இருந்து 26க்குள்ள, இல்லன்னா நேரா 50க்கு மேல. நடுவுல நான் நிக்கவே இல்ல! ஆனா அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல எவ்வளவு சீக்கிரம் போனேன்னு பாத்தா லென்ஸ் மாத்திட்டு அதைப் பண்ணியிருக்கவே முடியாது, ஒருத்தங்க வசனம் மறந்து சிரிச்சப்ப ஒரே செகண்ட்ல முகத்துக்குப் போயிட்டேன்.

அதனால ஜூம் வாங்கறேன், மூணு மாசம் அதோட சுத்தறேன். ஷார்ட் ஃபிலிமுக்கு மூணு ராத்திரிதான் ஷூட், அதுக்கு 35ம் 85ம் வாடகைக்கு. 85க்கு ஒரு ஃபோகஸ் புல்லரும் வேணும், அதையும் பட்ஜெட்ல சேத்துட்டேன்.

---

ஃபோகஸ்_மார்க்:

நல்ல முடிவு தம்பி, டெஸ்ட் பண்ணி வந்து எழுதினதுக்கு சந்தோஷம். 85 மட்டும் அந்த சின்ன ரூம்ல வாடகைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி டேப் வச்சு அளந்து பாருங்க, நடிக்கறவங்களுக்கும் சுவருக்கும் நடுவுல கேமராவும் ஆளும் நிக்க இடம் இருக்கான்னு. இல்லன்னா 50 எடுங்க.

ஜூம் வந்ததும் முதல் வேலை பேக் ஃபோகஸ். ஸ்டாப்பை முழுசா திறந்து வச்சு, தூரத்துல ஒரு ஸ்டார் சார்ட் (ஃபோகஸ் பாக்கறதுக்கான அட்டை), 55ல ஃபோகஸ் போடுங்க, ஃபோகஸ் ரிங்கைத் தொடாம 18க்கு வாங்க. மானிட்டர்ல பெருசு பண்ணிப் பாத்தா மங்கலா இருந்தா மவுண்ட் தூரம் சரியில்லைன்னு அர்த்தம், சரி பண்ணாம ஷூட்டுக்குப் போகாதீங்க, ஏன்னா வைடுல எடுக்கறது எல்லாமே லேசா அவுட்டா வரும், சின்ன மானிட்டர்ல கண்ணுக்குத் தெரியாது, எடிட்ல உக்காரும்போதுதான் தெரியும். ரொம்ப சூடான இடத்துல இருந்து ஏசி ரூமுக்குப் போனாலும் ஒருதடவை பாத்துக்கோங்க. அப்புறம் அந்த 24க்கும் 50க்கும் ஜூம் ரிங்ல சின்னதா வெள்ளை டேப் ஒட்டி வைங்க.

---

நிழல்ரசிகன்:

ரூம் அளந்துட்டேன் அண்ணே. 85க்கு இடம் இல்ல, முதுகு சுவத்துல இடிக்குது. 50 எடுக்கறேன்.