பனிக்காலம் முழுக்க நிறுத்திவைத்த வண்டி: உங்கள் பேட்டரி என்ன ஆனது?

ஊர்சுற்றி, டொரொன்டோ பக்கம்:

மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வாங்கிய முதல் வருடமே இரண்டு பேட்டரிகளைச் சாகடித்தவன் என்பதால் நானே ஆரம்பிக்கிறேன்.

அக்டோபரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு அல்கோன்குவின் வனப்பூங்காவுக்குப் போய் வந்ததோடு அந்த ஆண்டு ஊர்சுற்றல் முடிந்தது. தண்ணீர்க் குழாய்களைக் காலி செய்து, குழாய் உறையாமல் இருக்க இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஓட்டி, நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணையில் மாத வாடகைக்கு வண்டியை நிறுத்தினேன். அங்கே கரன்ட் கிடையாது. கதவோரம் 'ஸ்டோர்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. அமுக்கியதும் விளக்கெல்லாம் அணைந்தது. சரி, வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரலில் போய்ப் பெட்டியைத் திறந்தால், ஒரு பேட்டரி வயிறு உப்பிக் கிடக்கிறது, மூலையில் விரிசல். கசிந்த அமிலம் அடியிலிருந்த இரும்புத் தட்டை அரித்திருந்தது. அந்த ஜனவரியில் ஒரு வாரம் மைனஸ் 25 வரை போனது, அதனால் குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். வேலை தெரிந்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "குளிர்ல சாகல, பட்டினியில செத்திருக்கு" என்றார்.

ஈய-அமில பேட்டரியில் சார்ஜ் முழுதாக இருந்தால் உள்ளே இருப்பது அடர்த்தியான அமிலக் கரைசல். மைனஸ் 50க்கும் கீழே போனால்தான் அது உறையும். சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்டத் தண்ணீர். காலியான பேட்டரி மைனஸ் 7, 8லேயே உறைந்துவிடும். உறைந்த பேட்டரியில் மட்டும் சார்ஜரை மாட்டிவிடாதீர்கள், வெடிக்கலாம்.

ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் ஏன் காலியானது? புதிய பேட்டரி போட்டதும் மீட்டர் வைத்துப் பார்த்தோம். 0.1 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்தது. கேஸ் கசிந்தால் கத்தும் டிடெக்டர் அந்தச் சுவிட்சுக்குக் கட்டுப்படாமல் நேராக பேட்டரியில் இணைந்திருக்கிறது. கூடவே ரேடியோவின் நினைவகம், இன்னும் ஏதோ ஒரு போர்டு. 0.1 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-அவர். என்னுடையது 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரி இரண்டு, சேர்த்துக் கொள்ளளவு 220 ஆம்பியர்-அவர். மூன்று மாதத்தில் துடைத்துவிடும். அக்டோபர் நடுவிலிருந்து எண்ணிப் பாருங்கள், சரியாக ஜனவரிக் குளிரில் வந்து நிற்கும்.

அப்புறம் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இரண்டையும் கழற்றி வீட்டு பேஸ்மென்டில் வைக்கிறேன். ஒவ்வொன்றும் 28 கிலோ, இடுப்பு பத்திரம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அதுதான் கடைசியில். எந்த வயர் எங்கே போகிறது என்று முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து எதுவுமே நினைவிருக்காது. மாதம் ஒருமுறை மீட்டர் வைத்து, ஜோடியாக 12.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏற்றுகிறேன்.

இவ்வளவும் செய்துவிட்டு இரண்டாவது வருடம், வண்டியை ஸ்டார்ட் செய்யத் தனியாக இருக்கும் இன்ஜின் பேட்டரியை மறந்துவிட்டேன். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். அதைப் பற்றி எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எட்மன்டன் பெடியன்:

அண்ணை, இந்தத் தொல்லையே வேண்டாமென்று நான் லித்தியம் பற்றரிக்கு மாறினேன். என்னுடைய கதை அதைவிட மோசம். பெப்ரவரியில் என் வான் வண்டியைப் பார்க்கப் போன இடத்தில், கூரையில் இருந்த சோலார் பனல் பனியால் மூடிக் கிடந்தது. பாவமென்று நினைத்து ஏணி வைத்து ஏறித் துடைத்துவிட்டேன். நல்ல வெயில். மைனஸ் 18இல் கிடந்த பற்றரிக்குள் சார்ஜ் ஏறத் தொடங்கிவிட்டது.

லித்தியத்தைப் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அந்தக் குளிரில் லித்தியம் பற்றரிக்குள் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும், பிறகு அதை மீட்க முடியாது. நல்ல பற்றரிகளில் குளிர் கண்டால் சார்ஜைத் தடுக்கும் வசதி உண்டு. நான் மலிவு பார்த்து வாங்கியதில் அது இல்லை. 100 ஆம்பியர்-அவர் என்று வாங்கியது கோடையில் 70 கூடத் தரவில்லை. பனியை அப்படியே விட்டிருந்தால் பற்றரி தப்பியிருக்கும்! இப்போது பாதி சார்ஜில் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறேன். நல்ல காலம், 12 கிலோதான்.

வேன்வீட்டுக்காரி, லெஸ்டர்:

இங்கே இங்கிலாந்தில் உங்கள் ஊர்க் குளிர் இல்லை. வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கிறது, வீட்டுக் கரன்ட் தரும் மெயின்ஸ் வயரும் மாட்டியே இருக்கும். அப்படியும் ஜனவரியில் ஸ்டார்ட் ஆகவில்லை. அலாரமும் டிராக்கரும் இன்ஜின் பேட்டரியைத்தான் உறிஞ்சுகின்றன. ஆனால் வண்டியில் உள்ள சார்ஜரோ உள்ளே விளக்குக்கும் பம்ப்புக்கும் இருக்கும் லெஷர் பேட்டரிக்கு மட்டும்தான் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது! விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது இன்ஜின் பேட்டரிக்குத் தனியாக, கொஞ்சம் கொஞ்சமாக சார்ஜ் ஏற்றும் ஒரு சின்ன ட்ரிக்கிள் சார்ஜர் மாட்டியிருக்கிறேன். ஊர்சுற்றி அண்ணா, ஒரு சந்தேகம். பேட்டரியைக் கழற்றினால் சிமென்ட் தரையில் வைக்கவே கூடாது, சார்ஜ் இறங்கிவிடும் என்று மாமா அடித்துச் சொல்கிறார். உண்மையா?

ஊர்சுற்றி:

மாமா சொல்வது ஒரு காலத்தில் உண்மைதான், தங்கச்சி. அந்தக் காலத்து மரப்பெட்டி பேட்டரிகளுக்கு ஈரத் தரை ஆகாது. இப்போது வருவது பிளாஸ்டிக் பெட்டி, தரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் குளுமையான இடத்தில் சார்ஜ் தானாக இறங்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். ஆனாலும் நான் பலகை போட்டுத்தான் வைக்கிறேன். முதல் வருடம் பேஸ்மென்ட் தரையில் அமிலக் கறை பட்டதிலிருந்து, பலகை இல்லாமல் பேட்டரி படியிறங்கக் கூடாது என்பது வீட்டம்மா உத்தரவு.