நம் வளவுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்? மேற்குச் சிட்னியின் டூங்காபி, பரமட்டா, பிளாக்டவுன் அனுபவங்கள்

டூங்காபிவாசி:

வணக்கம் உறவுகளே. போன மாதம் பின்வளவில் முருங்கை வைக்கலாம் என்று குழி வெட்டத் தொடங்கினேன். ஒரு முழம்கூட இறங்கவில்லை. களிமண் மண்வெட்டியில் அப்பிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. இரண்டு வெட்டுக்கு ஒரு தடவை நின்று குச்சியால் சுரண்ட வேண்டியிருந்தது. நான் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்த குடும்பத்துப் பிள்ளை; ஆனாலும் கை கொப்பளித்துவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர், எண்பது தாண்டியவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இந்த மண்ணை முதலில் கொத்தினவர்களுக்கு ஏர் இழுக்க மாடும் இல்லை, கூலியும் இல்லை."

பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். டூங்காபி என்றால் எனக்கு ரயில் நிலையம், மளிகைக் கடை, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, அவ்வளவுதான். அவர் சொன்ன பிறகுதான் தேடிப் படித்தேன்.

1788 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் சிட்னிக்கு வந்தன. கடற்கரை மண்ணில் பயிர் சரியாக வரவில்லை. அதே வருடம் நவம்பரில் ஆற்றின் மேல்பக்கம் வந்து ரோஸ் ஹில்லில் பண்ணை போட்டார்கள். அதுதான் இன்றைய பரமட்டா. 1791இல் அங்கிருந்தும் உள்ளே வந்து டூங்காபியில் அரசாங்கப் பண்ணை தொடங்கினார்கள். நாம் இன்றைக்கு 'பழைய டூங்காபி' என்று சொல்லும் பக்கம், ஓடைக்கரை. கப்பலில் பட்டினியாலும் நோயாலும் பாதி உயிராக வந்து இறங்கிய கைதிகளைத்தான் காடு வெட்டவும் மண் கொத்தவும் அனுப்பினார்கள். ஏர் இல்லை, மண்வெட்டிதான். என் வளவில் இருக்கும் அதே களிமண். பலர் அந்த வேலையிலேயே செத்தார்கள்.

படித்ததில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. 1800ஆம் ஆண்டு, ஐரிஷ் கைதிகள் கலகத்துக்கு ஆயத்தம் செய்கிறார்கள் என்ற சந்தேகத்தில் இரண்டு பேரை இங்கே மரத்தைக் கட்டிப்பிடிக்க வைத்து ஆளுக்கு 300 சவுக்கடி கொடுத்தார்கள். அடித்தவர்களில் ஒருவன் வலக்கையன், மற்றவன் இடக்கையன், மாறிமாறி அடித்தார்கள். பார்க்கும்படி நிறுத்தப்பட்ட ஜோசப் ஹோல்ட் என்பவர், காற்றில் பறந்துவந்த இரத்தமும் தோலும் தன் முகத்தில் பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். அடிபட்டவர்களில் ஒருவன் பாடி கால்வின், இளைஞன். ஈட்டிகளை எங்கே ஒளித்து வைத்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு அடித்தும் ஒரு பெயரைக்கூட அவன் சொல்லவில்லை.

ஆனால் கைதிகளும் இங்கே முதல் ஆட்கள் இல்லையே. இது தாருக் பழங்குடி மக்களின் நிலம். காடு அழிந்து சோளம் வந்தபோது அவர்கள் தோண்டி உண்ட கிழங்கு போனது, வேட்டை போனது. 1797 மார்ச்சில் பழங்குடிப் போராளி பெமுல்வுய் ஏறத்தாழ நூறு பேரோடு டூங்காபிப் பண்ணையைத் தாக்கினார். சிப்பாய்களும் குடியேறிகளும் துரத்த, பரமட்டாவில் சண்டை நடந்தது. தலையிலும் உடம்பிலும் ஏழு ஈயக் குண்டுகளோடு பிடிபட்டவரைச் சங்கிலி போட்டு ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். கால் விலங்கோடேயே தப்பிப் போய்விட்டார்! அதற்குப் பிறகு துப்பாக்கி அவரை ஒன்றும் செய்யாது என்று அவருடைய ஆட்கள் நம்பினார்கள். 1802இல் சுட்டுக் கொன்று, தலையை வெட்டிச் சாராயத்தில் போட்டு இங்கிலாந்துக்கு இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸிடம் அனுப்பினார்கள். அனுப்பிய ஆளுநர் கிங்கே அவர் துணிச்சலான மனிதர் என்று எழுதத்தான் செய்தார்.

கிரவீனுக்குப் பக்கத்தில் பெமுல்வுய் என்று ஒரு புறநகர் இருக்கிறது அல்லவா? அங்கே இரண்டு தடவை வீட்டு விருந்துக்குப் போயிருக்கிறேன். பெயரை ஜிபிஎஸ்ஸில் தட்டியபோது அது ஒரு மனிதனின் பெயர் என்று தெரியாது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

பரமட்டா மதியநடை:

அருமை அண்ணா. எனக்கு ஆபீஸ் பரமட்டாவில். மதியம் சாப்பிட்டு முடித்துக் கொஞ்சம் நடப்பேன். ஓ'கானல் தெருவில் செயின்ட் ஜான்ஸ் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். 1790இல் தொடங்கியது, இந்த நாட்டில் எஞ்சியிருக்கும் ஐரோப்பியக் கல்லறைகளில் மிகப் பழையது. ஒரு நாள் மழை விட்ட நேரத்தில் உள்ளே போனேன். புல்லுக்குள் தரையோடு தரையாக ஒரு மணற்கல் பலகை. எழுத்து தேய்ந்திருந்தது, குனிந்து விரலால் தடவித்தான் படித்தேன். டாட் என்ற பெயரும் 1791 என்ற ஆண்டும், வேறு ஒரு சொல் இல்லை.

ஹென்றி டாட். ஆளுநர் பிலிப்பின் பணியாளாக வந்து ரோஸ் ஹில் பண்ணையைப் பார்த்துக்கொண்டவர். சாப்பாட்டுக்குப் பஞ்சமான காலத்தில் 26 பவுண்டு எடையுள்ள ஒரு முட்டைக்கோஸை விளைவித்தார், அதாவது கிட்டத்தட்ட 12 கிலோ! தோட்டத்தில் திருட வந்தவர்களைத் தேடி இராத்திரியில் வெறும் சட்டையோடு மணிக்கணக்காக அலைந்தார். ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர், அதோடு படுத்தார், எழவில்லை. ரோஸ் ஹில்லில் இருந்த கைதிகள் எல்லாரும் அவருடைய அடக்கத்துக்கு வந்தார்கள் என்று பதிவு இருக்கிறது. மேற்பார்வையாளருக்குக் கைதிகள் வந்து நின்றார்கள் என்றால் அவர் எப்படிப்பட்டவராக இருந்திருப்பார்?

அதே தோட்டத்தில்தான் டார்சி வென்ட்வேர்த்தும் இருக்கிறார். நாம் வாய்நிறைய 'வென்டி' என்று கூப்பிடுகிறோமே, அந்த வென்ட்வேர்த்வில் ஊருக்குப் பெயர் கொடுத்தவர். லண்டனில் வழிப்பறி வழக்குகளில் நின்று விடுதலையாகி, 1790இல் 'நெப்டியூன்' கப்பலில் வந்த மருத்துவர். அந்தக் கப்பலில் வந்த கைதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடலிலேயே செத்தார்கள். அவர் பெயர் ஸ்டேஷன் பலகையில் இருக்கிறது.

கெலிவில் அக்கா:

நான் சொல்வது ஒரு சாவு வீட்டு அனுபவம். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பெரியப்பாவின் தகனம் ரவுஸ் ஹில் பக்கத்தில், கேசில்புரூக்கில் நடந்தது. எல்லாம் முடிந்து ஆட்கள் கலையும் நேரம், மனசு சரியில்லாமல் தனியே கொஞ்சம் நடந்தேன். ஒரு பெரிய நினைவுச் சின்னம் தெரிந்தது. யாரோ ஒரு குடும்பத்தின் கல்லறை என்று நினைத்துக் கிட்டப் போனால், 1804ஆம் ஆண்டுக் கலகத்துக்காக எழுப்பியது.

டூங்காபித் தம்பி சொன்ன அந்த ஐரிஷ்காரர்களின் கதை அங்கேதான் போய் முடிகிறது. மார்ச் 4ஆம் தேதி இரவு கேசில் ஹில் பண்ணையில் இருநூறுக்கு மேற்பட்ட கைதிகள் எழுந்தார்கள். தலைவர் பிலிப் கன்னிங்ஹம். எப்படியாவது கப்பல் ஏறி ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவர்களின் ஆசை. மறுநாள் மேஜர் ஜான்ஸ்டன் விரட்டிப் பிடித்தார். பேசலாம் வா என்று கூப்பிட்டார்; "சாவு அல்லது விடுதலை" என்று பதில் சொன்ன கன்னிங்ஹமின் தலையில் துப்பாக்கியை வைத்துப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக்கொடிப் பேச்சில் வந்தவரை! அப்புறம் அதை யுத்தம் என்று சொல்ல முடியாது. கன்னிங்ஹமை விசாரணையே இல்லாமல் தூக்கிலிட்டார்கள். மொத்தம் 9 பேர் தூக்கில் போனார்கள்.

பெரியப்பாவும் ஊருக்கு ஒரு தடவை போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். அந்தச் சின்னத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். கார் எடுக்கச் சொல்லி மகன் வந்து கூப்பிட வேண்டியதாயிற்று.

பிளாக்டவுன் டீச்சர்:

நான் இங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியை. "மிஸ், நம்ம ஊருக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் சொல்கிறேன் என்றேன்.

பரமட்டாவில் ஆளுநர் மக்குவாரி பழங்குடிப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி திறந்தார். பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்து வளர்க்கிற பள்ளி. 1823இல் அதை இங்கே மாற்றினார்கள். கறுப்பர் நகரம் என்று மற்றவர்கள் சொன்னதே ஊர்ப்பெயராகிவிட்டது.

அந்தப் பரமட்டாப் பள்ளியில் மரியா என்று ஒரு பெண் படித்தாள். 1819 பொதுத் தேர்வில் ஏறத்தாழ நூறு வெள்ளைப் பிள்ளைகளையும் முந்தி முதல் பரிசு வாங்கினாள். 1824இல் ராபர்ட் லாக் என்ற தச்சுக் கைதியை மணந்தாள். அரசாங்கம் கணவனைக் கைதி என்ற முறையில் மனைவியின் பொறுப்பிலேயே விட்டது. அவளுடைய அண்ணன் கோல்பிக்கு இங்கே 30 ஏக்கர் கொடுத்திருந்தார்கள். அண்ணன் இறந்த பிறகு, 1831இல், அந்த நிலம் எனக்குச் சேர வேண்டும் என்று ஆளுநருக்கு மனு எழுதினாள். பன்னிரண்டு வருடம் கழித்து, 1843இல்தான் கைக்கு வந்தது. தாருக் குடும்பங்கள் பல இன்றும் மரியாவைத் தங்கள் பாட்டி என்று சொல்கின்றன.

பள்ளி இருந்த இடம் 2018இல் தாருக் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். பரிசு என்ன கொடுத்தார்கள் என்று அந்தப் பையன் கேட்டான். தேடிக்கொண்டிருக்கிறேன்.

டூங்காபிவாசி:

அக்கா, டீச்சர், தம்பி, மூவருக்கும் நன்றி. தம்பி, டாட்டின் கல்லை எனக்குக் காட்டுவீர்களா? வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஓ'கானல் தெருக் கதவடியில் நிற்கிறேன், மகளையும் கூட்டி வருகிறேன். முருங்கைக் குழி இப்போது இரண்டு முழம் இறங்கிவிட்டது. அடியில் இன்னும் களிதான்.