காலையில் அறுவைச் சிகிச்சை, மாலையில் வீடு: தனியாக இருப்பவர் யாரைத் துணைக்கு அழைப்பது?

மாலைநிலா எழுதியது:

வணக்கம். பித்தக்கற்களுக்காக எனக்கு அடுத்த மாதம் லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் வழியே கருவிகளை விட்டு, பித்தப்பையை எடுக்கப்போகிறார்கள். காலையில் போய்ச் சேர்ந்தால், எல்லாம் சரியாக இருக்கும் பட்சத்தில் அன்று மாலையே டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்களாம். மருத்துவர் பொறுமையாக விளக்கியதால் அறுவைச் சிகிச்சையைப் பற்றி எனக்குப் பெரிய அச்சமில்லை. என்னைத் திணறவைத்தது, முன்பதிவுப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு கேள்விதான்: வீட்டுக்கு அழைத்துச் செல்பவர் யார், முதல் 24 மணி நேரம் உடனிருப்பவர் யார்? அந்த இடத்தை நிரப்பாமலேயே திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு 54 வயது, தனியாக வாழ்கிறேன். தம்பி வெகு தொலைவில் இருக்கிறான். அழைத்தால் வருவான், ஆனால் அவனால் சில நாள்களுக்கு மேல் தங்க முடியாது. அலுவலகத் தோழி ஒருத்தி இருக்கிறாள். அடுத்த வீட்டில் வயதான தம்பதியர் இருக்கிறார்கள். எல்லோரும் அன்பானவர்கள்தான். ஆனால் இத்தனை காலமும் பிறருக்காக ஓடிப் பழகிவிட்டேன். என் வீட்டில் ஒருவர் வந்து தங்கி, நான் எழுந்து உட்காருவதற்குக் கைகொடுப்பார் என்று நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.

டாக்சியில் தனியாக வீட்டுக்கு வந்து, கைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தால் போதாதா? உண்மையிலேயே எத்தனை நாள்களுக்கு ஆள் தேவைப்படும்? சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.

பழைய சைக்கிள் எழுதியது:

உங்கள் கேள்வியைப் படித்தபோது என்னையே கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்தது. எனக்கு நடந்தது குடலிறக்க அறுவைச் சிகிச்சை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். கிளம்பும் முன் செவிலியர், "சிறுநீர் கழித்தீர்களா?" என்று கேட்டார். வீட்டுக்குப் போகும் அவசரத்தில், கொஞ்சம் போனது என்று சொல்லி ஒப்பேற்றிவிட்டேன். உண்மையில் ஒரு சொட்டுகூடப் போகவில்லை. என்னைக் கொண்டுவந்து விட்ட அண்ணன் மகனையும் இரவு ஒன்பது மணிக்கு, "எனக்கு ஒன்றுமில்லை, நீ போய்த் தூங்கு" என்று அனுப்பிவிட்டுக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டேன்.

நள்ளிரவு தாண்டியதும் அடிவயிறு கல்லாக இறுகி வலி தாங்க முடியாமல் போனது. கைபேசி அடுத்த அறையில் சார்ஜில் இருந்தது. சட்டென்று எழுந்ததில் தலை சுற்றி, சுவரைப் பிடித்தபடி தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். ஒருவழியாகத் தவழ்ந்து போய் அழைத்தேன். பையன் வந்துவிட்டான், ஆனால் நான் போட்ட தாழ்ப்பாளை நானே போய்த் திறக்கவேண்டியிருந்தது. அவசரப் பிரிவில் குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றிய பிறகுதான் உயிர் வந்தது. இத்தகைய அறுவைக்குப் பின் சிறுநீர் கட்டிக்கொள்வது அரிதன்று என்று அங்கே சொன்னார்கள். முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால் மாலையிலேயே சரிசெய்திருப்பார்கள்.

ஆகவே, கைபேசி பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. வெளியிலிருந்து திறக்கக்கூடிய சாவி இன்னொருவரிடம் இருக்கவேண்டும், உள்தாழ்ப்பாளைப் போடவே கூடாது. முதல் இரவு ஒருவர் அதே கூரையின் கீழ் தூங்கட்டும். உங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கவேண்டும் என்றில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தாலே போதும்.

ஏழாம் வார்டு எழுதியது:

நான் பகல்நேர அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். மாலைநிலா அவர்கள் நிரப்பாமல் விட்ட அந்த இடத்தை வெறும் சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். எங்களைப் பொறுத்தவரை படிவத்தில் மிக முக்கியமான வரி அதுதான். அதற்கு விடை இல்லையென்றால் பெரும்பாலான இடங்களில் அன்றைய அறுவையைத் தள்ளிவைப்பார்கள், அல்லது ஓர் இரவு உள்நோயாளியாக வைத்துக்கொள்வார்கள். டாக்சி ஓட்டுநரைத் துணையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

முழு மயக்கம் தெளிந்து பேசத் தொடங்கியவர் தெளிவாக இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் நினைவும் நிதானமும் முழுமையாகத் திரும்பச் சில மணி நேரமோ, சிலருக்கு ஒரு நாளோ ஆகும். அந்த 24 மணி நேரத்தில் வண்டி ஓட்டக் கூடாது, அடுப்பிலோ இயந்திரத்திலோ வேலை செய்யக் கூடாது, மது அருந்தக் கூடாது, முக்கியமான பத்திரம் எதிலும் கையெழுத்திடக் கூடாது என்று சொல்வது அதனால்தான். நாங்கள் சொல்லும் அறிவுரைகளையே நோயாளி மறந்துவிடுவதுண்டு, தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வாசலுக்கு வந்ததும் "மாத்திரையைப் பற்றி என்ன சொன்னார்கள்?" என்று கேட்பார். எனவே டிஸ்சார்ஜ் விளக்கத்தின்போது துணைக்கு வருபவர் உங்கள் அருகில் நிற்கட்டும்; எழுதிக் கொடுத்த தாளையும் இரவில் அழைக்கவேண்டிய எண்ணையும் அவரே வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

இது புதிய சிந்தனையும் அல்ல. கிளாஸ்கோ நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் ஏறத்தாழ 9,000 குழந்தைகளுக்கு அறுவை செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிய அனுபவத்தை ஜேம்ஸ் நிக்கோல் என்ற மருத்துவர் 1909ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். அவர் நம்பியிருந்தது தாய்மார்களின் கவனிப்பை. வீடு சரியாக இல்லையென்றால் இந்த முறையே நிற்காது.

உங்கள் சிகிச்சைக்கு வருகிறேன். வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்பச்செய்துதான் கருவியை உள்ளே விடுவார்கள். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும்போது வலி வயிற்றில் தெரியாமல் தோள்பட்டையில் தெரியும், ஏனெனில் இரண்டுக்குமான நரம்புகள் கழுத்தின் ஒரே பகுதியிலிருந்து புறப்படுகின்றன. வலது தோள் வலிக்கிறது, இதய நோயோ என்று நடுராத்திரியில் பயந்து அழைப்பவர்கள் உண்டு. இரண்டு மூன்று நாள்களில் அது தானே அடங்கும். மெல்ல நடப்பது உதவும். ஆனால் மார்பில் வலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் அதை வாயு என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ளாதீர்கள். உடனே அவசர உதவியை நாடுங்கள். இருமும்போது வயிற்றின் மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டால் தையல் இழுக்காது.

மாத்திரையில்தான் வீட்டில் அதிகம் தவறு நடக்கிறது. பாராசிட்டமால் தனியாகவும் இருக்கும், கூட்டு வலி மாத்திரைகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்ற உச்சவரம்பை, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்ற அளவை, தெரியாமலே தாண்டிவிடுவீர்கள். எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அந்த வரம்பு இன்னும் குறைவு. எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதைத் துணைக்கு இருப்பவர் ஒரு தாளில் குறித்துவரட்டும். ஓபியாய்டு எனப்படும் அபின் வகையைச் சேர்ந்த வலுவான வலி மாத்திரை கொடுத்திருந்தால், அதனுடன் வழக்கமான தூக்க மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் போடக் கூடாது. எழுப்பினாலும் எழ முடியாத தூக்கமும் மிக மெதுவான மூச்சும் ஆபத்தின் அறிகுறிகள். இவற்றைத் தூங்குபவரால் கவனிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவரால்தான் முடியும். அதே ஓபியாய்டு மாத்திரை மலச்சிக்கலையும் தரும். மூன்றாம் நாள் பலரை அழவைப்பது அறுவையின் வலி அல்ல, அதுதான்.

38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், நிற்காத வாந்தி, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, கண்ணோ தோலோ மஞ்சளாவது, காயத்தில் சீழ் அல்லது பரவும் சிவப்பு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும்: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனையை அழையுங்கள்.

சம்பளத்துக்கு ஆள் வைப்பதில் தவறில்லை. ஆனால் அன்று காலையில்தான் முதன்முதலாக அவர் முகத்தைப் பார்க்கிறீர்கள் என்ற நிலை வேண்டாம்; ஓரிரு நாள் முன்பே வரச்சொல்லிப் பேசிவிடுங்கள்.

அக்காவின் தங்கை எழுதியது:

நான் மறுபக்கத்தில் நின்றவள், அதாவது துணைக்குப் போனவள். என் அக்காவுக்குத் தோள்பட்டையில் அறுவை நடந்தது. கழுத்தருகே ஊசி போட்டுக் கை முழுவதையும் மரக்கச் செய்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா, "வலியே இல்லை, எதற்கு மாத்திரை?" என்று ஒதுக்கிவிட்டாள், நானும் சரி என்றுவிட்டேன். அந்த மரப்பு விடியற்காலை மூன்று மணிக்கு விலகியது. அதன்பிறகு போட்ட மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை அக்கா பட்ட பாட்டை என்னால் மறக்க முடியாது. மரப்பு விலகும் முன்பே மாத்திரையைத் தொடங்கவேண்டும் என்று தாளில் தெளிவாக எழுதியிருந்தார்கள். தாள் என் பைக்குள்ளேயே கிடந்தது.

மாலைநிலா அவர்களே, உதவி கேட்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். "எனக்கு அறுவை, கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டால், கேட்கப்படுபவருக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்பதே புலப்படாது, நல்ல மனம் உள்ளவரும் தயங்குவார். "வியாழன் மதியம் மூன்று மணிக்கு வந்து என்னை அழைத்துப்போய், வெள்ளி மாலைவரை என் வீட்டில் தங்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியும், முடியாது என்று அவரால் உடனே சொல்ல முடியும், முடியாது என்பவரும் வேறொன்றைச் செய்ய முன்வருவார். எல்லாவற்றையும் ஒருவர் தலையில் போடாதீர்கள். இரவில் தங்குபவர் ஒருவர், மருந்துக் கடைக்குப் போய்வருபவர் ஒருவர், ஒரு வாரத்துக்குக் கனமான வாளியையும் பையையும் தூக்கித் தருபவர் ஒருவர் என்று பிரித்துக்கொடுங்கள்.

எல்லோரும் முதல் நாள் கூடிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் வீடு வெறிச்சோடிவிடுகிறது. அக்கா சோர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். முடிந்தால் ஒருவரையாவது அந்த நாளுக்கென்று எடுத்து வையுங்கள்.

கூச்சத்தைப் பற்றி: குளியலறைக்குப் போகும்போது கதவைச் சாத்தலாம், தாழிட வேண்டாம், நான் வெளியே நிற்கிறேன் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். அதன்பிறகு இருவருக்குமே அது பெரிய விஷயமாக இல்லை.

மாலைநிலா எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை தோழியிடம், சொன்னபடியே நாளும் நேரமும் குறிப்பிட்டுக் கேட்டேன். நான் முடிக்கும் முன்பே சரி என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கோபமும் பட்டாள். தம்பியை முதல் நாளுக்குப் பதிலாக மூன்றாம் நாள் வரச்சொல்லியிருக்கிறேன். ஒரு சாவி அடுத்த வீட்டில் இருக்கும். கனமான பொருள்களை இப்போதே இடுப்புயர மேசைக்கு மாற்றத் தொடங்கிவிட்டேன். இன்னும் ஒரே ஒரு சந்தேகம்: அன்று தோழிக்கே காய்ச்சல் வந்து வர முடியாமல் போனால் என்ன செய்வது?

ஏழாம் வார்டு எழுதியது:

தெரிந்த உடனே எங்களைப் போன்றவர்களை அழைத்துச் சொல்லிவிடுங்கள். இரவு தங்கவைக்க இடம் இருக்கிறதா, அறுவைத் தேதியை மாற்றவேண்டுமா என்று அவர்களே பார்ப்பார்கள். துணை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு மட்டும் வராதீர்கள். படிவத்தில் தோழியின் எண்ணுக்குக் கீழே தம்பியின் எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.