இரவு இரண்டு மணிக்கு பென்ஸ்

1987 குளிர்காலத்தில் கனடாவின் மொன்றியல் நகர மையத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே பரிமாறிய பெரியவர் ஒருவர் 1950களிலிருந்தே சென்ற் கத்தரின் வீதிக் கடைகளில் வேலை செய்தவர். வேலை முடிந்ததும் என்னை பென்ஸ் என்ற சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போவார். மெட்காஃப் வீதி முனையில் மூலை வளைந்த கட்டடம். இப்போது இல்லை, 2006இல் மூடி, 2008இல் இடித்துவிட்டார்கள். கடை இருந்த தெருவின் பெயர்ப்பலகையில் டி மெசனூவ் என்றிருந்தது; அதை அவர் கடைசிவரை பர்ன்சைட் என்றுதான் சொன்னார். 1966 வரை அதுதான் அதன் பெயர்.

ஸ்மோக்ட் மீட் வெட்டுவதை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். மாட்டின் நெஞ்சிறைச்சியை மசாலாவில் நாள்கணக்கில் ஊறவைத்து, புகையில் வேகவிட்டு, பிறகு ஆவியில் வைத்திருப்பார்கள். சுடச்சுடப் பலகையில் போட்டு நாருக்குக் குறுக்கே கத்தியை இழுத்தால், ஒவ்வொரு துண்டும் தானாகச் சரியும். ரை மாவுப் பாண், மஞ்சள் கடுகு, வேறொன்றும் வேண்டாம். கொழுப்பில்லாமல் யாராவது கேட்டால் பெரியவருக்குக் கோபம் வந்துவிடும். எனக்கும் இப்போது வருகிறது.

ட்ராம் ஓடிய காலத்தில் (1959இல் நிறுத்திவிட்டார்கள்) கடைசி வண்டியைத் தவறவிட்டவர்கள்தான் இரவு இரண்டு மணிக் கூட்டம் என்பார். கிளப்புகளில் வாத்தியம் வாசித்தவர்கள், டாக்சிக்காரர்கள், பத்திரிகை அச்சகத்து ஆட்கள்.

ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது 1955 மார்ச் 17 இரவைத்தான். மொன்றியல் பிரெஞ்சுக்காரர்களின் நாயகனான ஐஸ் ஹொக்கி வீரர் மோரீஸ் ரிஷாரை அந்தப் பருவத்தின் மிச்ச ஆட்டங்கள் எதிலும் ஆடவிடாமல் தடை செய்த லீக் தலைவர் கிளாரன்ஸ் கம்பெல், அன்று ஃபோரம் அரங்குக்கே வந்து உட்கார்ந்தார். உள்ளே கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. ஆட்டம் நின்றது. கூட்டம் சென்ற் கத்தரின் வீதியில் கடைக் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டே போனது. பெரியவர் அப்போது வேலை செய்த கடையில் விளக்கை அணைத்து, சாப்பிட வந்தவர்களைச் சமையலறைக்குள் இருத்தி, சூப் கொடுத்தார்களாம். "நானும் பிரெஞ்சுக்காரன், ரிஷாருக்காக அழுதவன். ஆனாலும் சூப் சட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றேன்" என்றார்.

உன் ஊரில் இந்த நேரத்தில் எங்கே சாப்பிடுவார்கள் என்று ஒருநாள் கேட்டார். யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு, பொழுதுபட்டால் யாரும் படலை திறப்பதில்லை என்றேன். ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

அதற்குப் பிறகும் அந்தக் கதையைப் பலமுறை சொன்னார். கண்ணாடி உடைந்த சத்தத்தை மட்டும் விட்டுவிடுவார்.