கோல்ஃப்ல டிரைவர் (ரொம்ப தூரம் அடிக்கற நீளமான கிளப்) எடுத்தா மட்டும் பந்து வலது பக்கம் வளையுது, ஆறு மாசமா சரியாகல, உதவி பண்ணுங்க

ஓப்பனிங்_பேட்ஸ்மேன்:
எல்லாருக்கும் வணக்கம். நந்தனத்துல கோல்ஃப் ரேஞ்ச்ல, அதாவது அடிச்சுப் பழகற இடத்துல, ஆறு மாசமா சனி, ஞாயிறு காலைல அடிச்சுட்டு இருக்கேன், வலது கைக்காரன். 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) ஓரளவு நேரா போகுது, கடைசில லேசா வலது பக்கம் சாயும், அது பரவால்ல. டிரைவர் எடுத்தா பந்து டார்கெட்டுக்கு கொஞ்சம் இடது பக்கமா கிளம்பி, பாதி தூரத்துல அரிவாள் மாதிரி வளைஞ்சு வலது ஓரம் போயிடுது. சரி, வலதுல தானே போகுதுன்னு ரெண்டு மாசமா இன்னும் இடது பக்கம் பார்த்து நின்னு அடிக்கறேன், ஆனா எவ்ளோ திரும்பி நிக்கறேனோ அவ்ளோ ஜாஸ்தியா வளையுது. பத்து வருஷம் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடினவன். டிரைவர் 9 டிகிரி (ஃபேஸ் மேல்நோக்கி சாய்ஞ்சிருக்கற அளவு, அதான் லாஃப்ட்), ஸ்டிஃப் ஷாஃப்ட் (வளையாத கெட்டியான தண்டு), கூட வேலை பார்த்தவர் கொடுத்தது. என்னை இந்த விளையாட்டுக்கு கூட்டிட்டு வந்த மாமாவோட ஜனவரில முதல் தடவை 18 ஹோல் ஆடப் போறேன், அதுக்குள்ள இதை சரி பண்ணணும்.

காலை_ஆறு_மணி:
தம்பி, முதல்ல அந்த இடது பக்கம் திரும்பி நிக்கறதை இன்னைக்கே விட்டுடு. பந்து எந்தப் பக்கம் கிளம்புதுங்கறதை பெரும்பாலும் ஃபேஸ், அதாவது கிளப்ல பந்து படற முகம், தான் முடிவு பண்ணுது, டிரைவர்ல சுமார் 80 சதவீதம் அது தான். பந்து வளையறது எதனாலன்னா, ஃபேஸ் பார்க்கற திசையும் கிளப் போற பாதையும் ஒண்ணா இல்லாததால. நீ இடது பக்கம் திரும்பி நின்னா தோளும் திரும்பிக்கும், கிளப் பந்துக்கு வெளிப்பக்கத்துலேருந்து உடம்பு பக்கமா உள்ள இழுத்துட்டு வரும், ஃபேஸ் அந்த பாதையை விட வலது பக்கம் பார்த்துட்டு இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி கூடக் கூட வளைவும் கூடும். நீ சொன்னது அப்படியே இது தான்.

கிரிக்கெட் ஆடினவங்களுக்கு இது ரொம்ப சகஜம்ப்பா, நானும் அங்கிருந்து வந்தவன் தான். பேட்ல மேல் கையை பிடிக்கற மாதிரியே கிளப்பையும் பிடிப்போம், இடது கை பின்பக்கம் டார்கெட்டை பார்த்துட்டு இருக்கும், அதுல ஃபேஸ் திறந்துக்கும், அதாவது வலது பக்கம் பார்க்கும். அப்புறம் பேக்லிஃப்ட் செகண்ட் ஸ்லிப் பக்கம் போற பழக்கம், இறக்கும்போது அங்கிருந்தே குறுக்க வெட்டிட்டு வரும்.

கிரிப்பை மாத்து. இடது கையை வலது பக்கமா கொஞ்சம் உருட்டிப் பிடி, மேலேருந்து பார்த்தா விரல் முட்டி ரெண்டு, இல்ல மூணு தெரியணும், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வர்ற மடிப்பு வலது தோள் பக்கம் காட்டணும். ஒரு ரெண்டு வாரம் அன்னியமா தான் இருக்கும், விடாத. இறுக்கிப் பிடிச்சா மணிக்கட்டு திரும்பாது, நம்ம ஊர் வேர்வைல வழுக்குதேன்னு எல்லாரும் நசுக்கிப் பிடிக்கறாங்க, அதுக்கு பதிலா ரெண்டு க்ளோவ் வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி காய வை.

அண்ணாநகர்_அக்கா:
அண்ணா சொன்னதுக்கு மேல ஒண்ணு. பந்து ஃபேஸ்ல எங்க படுதுன்னு பார்த்தியாப்பா? வீட்டுல இருக்கற முகப் பவுடரை ஃபேஸ்ல லேசா பூசிட்டு அஞ்சு பால் அடி, அடையாளம் அப்படியே விழும். ஷாஃப்ட் பக்கம், அதாவது ஹீல்ல பட்டா, பாதை சரியா இருந்தாக்கூட டிரைவர் தலை அடிபடும்போது முறுக்கிக்கறதால பந்துக்கு வலது பக்க சுழற்சி வந்து வலதுக்கு திரும்பும். எனக்கு ஒரு வருஷம் அது தான் பிரச்சனை, நான் பந்துக்கு ரொம்ப கிட்ட நின்னு அடிச்சிருக்கேன், அது தெரியாம கிரிப்பை மட்டும் மாத்தி மாத்தி அலுத்துப் போனேன்.

அந்த 9 டிகிரியும் உனக்கு இப்போ வேண்டாம். லாஃப்ட் கம்மியானா பேக்ஸ்பின் (பந்து பின்பக்கமா சுழல்றது) கம்மி, அதே தப்புக்கு வளைவு ஜாஸ்தி. 7 அயர்ன்ல பொதுவா 30 டிகிரி பக்கம் இருக்கு, அதான் அது உன் தப்பை மறைச்சுடுது. யார்கிட்டயாவது 12 டிகிரி டிரைவர், இல்ல 5 வுட் (டிரைவரை விட சின்ன, லாஃப்ட் ஜாஸ்தியான கிளப்) வாங்கி ஒரு நாள் அடிச்சுப் பாரு.

ரேஞ்ச்_ரசிகன்:
ப்ரோ, இடது கையை திருப்பாம பிடிக்கச் சொல்ற வீடியோ நிறைய சுத்துது, பென் ஹோகன் பேரைச் சொல்லி. அவருக்கு இருந்தது ஹூக், பந்து இடது பக்கம் வளையறது, அதை அடக்க அப்படி பிடிச்சார். நமக்கு நேர் எதிர் வியாதி, அதைப் பார்த்து பழகிடாதீங்க. பாதைக்கு நான் பண்ணது, பந்துக்கு ஒரு ஜாண் பின்னால, பந்துலேருந்து டார்கெட்டுக்கு போற கோட்டுக்கு கொஞ்சம் வெளிப்பக்கமா, டிரைவர் உறையை வச்சுட்டு அதுல படாம அடிக்கறது. முதல்ல மெதுவா, பாதி ஸ்விங் போதும்.

ஓப்பனிங்_பேட்ஸ்மேன்:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். பவுடர் பூசிப் பார்த்தேன் அக்கா, பத்துல ஆறு ஹீல்ல இருந்துச்சு, அரை அடி தள்ளி நின்னதும் நடுவுக்கு வந்துடுச்சு. கிரிப் மாத்தின முதல் நாள் உறையை எத்தனை தடவை தட்டினேன்னு கணக்கே இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை இருந்து ஒரு புது விஷயம், பந்து வளையவே இல்ல, ஆனா நேரா இடது பக்கம் போகுது. இதைப் பார்த்து பயந்து பழைய கிரிப்புக்கு போயிடலாமான்னு தோணுது.

காலை_ஆறு_மணி:
போகாத தம்பி! அது நல்ல செய்தி. ஃபேஸும் பாதையும் ஒண்ணா சேர்ந்துடுச்சு, அதான் வளையல. நீ இன்னும் பழைய பழக்கத்துல இடது பக்கம் பார்த்தே நிக்கற, அவ்ளோ தான். தரையில ஒரு குச்சி வச்சு, கால், இடுப்பு, தோள் மூணும் அதுக்கு நேரா இருக்கான்னு யாரையாவது பின்னாலேருந்து ஃபோன்ல வீடியோ எடுக்கச் சொல்லு. தோளை தான் முக்கியமா பாரு, கால் நேரா இருந்தாலும் அது தனியா இடது பக்கம் திறந்துட்டு நிக்கும். பந்து இடது குதிகாலுக்கு நேரா இருக்கட்டும், அதை விட முன்னால போனா தோள் தானா திறந்துக்கும். ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கு, மாமாவோட ஆடிட்டு வந்து முதல் டீ ஷாட் எப்படி போச்சுன்னு எழுது, காத்துட்டு இருப்பேன்.