புதுப்பிப்பு: மறுபடியும் குதிரை ஏறிவிட்டேன்

அரியமான் கடற்கரையில் குதிரையிலிருந்து விழுந்து காரை எலும்பு முறிந்தது, கட்டுப் பிரித்த பிறகும் குளம்புச் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது என்று முன்பு எழுதியிருந்தேனே, நேற்று அதே குதிரையில் ஏறினேன். உடனே ஏறிவிடவில்லை. 2 வாரம் புல் கொடுத்து, பிடரியை நீவிக்கொண்டு பக்கத்தில் நின்றதோடு சரி. குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நேர் பின்னால் இருப்பது தெரியாது. அன்று பின்னாலிருந்து பறந்து வந்த பிளாஸ்டிக் பையில்தான் மிரண்டிருக்கிறது, பாவம், அதற்கும் பயம். நேற்று குதிகாலைக் கீழே அழுத்தி, கடிவாளத்தை இறுக்காமல், மூச்சை நீளமாக விட்டதும் அதன் காதுகள் இரண்டும் தளர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தன. சவுக்குத் தோப்பு வரை வெறும் நடைதான். இறங்கும்போது குதிரைக்கார அண்ணன், "நாளைக்கும் வாங்க தம்பி" என்றார். போகிறேன்.