கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எந்த ஃபாண்ட் போடுகிறீர்கள்?

தண்டையார்பேட்டை டிடிபி:
எங்கள் ஏரியாவில் சாவு விழுந்தால் ராத்திரி பதினொரு மணிக்குக்கூட ஆள் வந்து நிற்பார்கள். விடிவதற்குள் போஸ்டர் சுவரில் ஏறணும். பேர், எடுக்கிற நேரம், சுடுகாடு மூலக்கொத்தளமா காசிமேடா, அவ்வளவுதான் விஷயம். ஆனால் பையன்கள் கேட்பது சினிமா டைட்டில் எழுத்து. தங்கக் கலர், நிழல், வளைவு. போட்டோவுக்கும் பேருக்கும் போக, எடுக்கிற நேரம் அடியில் பொடி எழுத்தாகிவிடுகிறது. பெரியவர்கள் தேடுவதே அந்த வரியைத்தான். இன்னொரு தொல்லை: வாட்ஸ்அப் மேட்டரை போட்டோஷாப்பில் ஒட்டினால் ஒற்றைக்கொம்பு தனியாகப் போய் நிற்கிறது. பழைய பாமினி ஃபாண்டில் மறுபடி அடிப்பதா?

ராயபுரம் பிரஸ்:
மறுபடி அடிக்காதீங்க. பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். புது வெர்ஷனில் ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’. கொம்பு இடத்துக்கு வந்துவிடும். பாமினியில் அடித்த ஃபைல், அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் இங்கிலீஷ் கிறுக்கலாகத்தான் திறக்கும். கூகுள் ஃபாண்ட்ஸில் கட்டமரன் இலவசம், ஒன்பது தடிமனில் இருக்கிறது. நேரத்துக்கு அதில் நல்ல தடிமனாக எடுங்கள்.

பிரஷ் காலத்து ஆள்:
தடிமனிலும் ஒரு வம்பு உண்டு. ‘நாராயணன்’ என்று போட்டுப் பாருங்கள். பல ஸ்டைல் ஃபாண்டில் ர-வுக்கு வால் இருக்காது, காலும் ர-வும் ஒரே அச்சு. கால், ர, கால் என்று மூன்று கம்பி வரிசையாக நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவன் என்ன படிப்பான்? சுவரில் எழுதின நாளில் ர-வின் வாலை வேண்டுமென்றே நீட்டி இழுப்போம். புள்ளியும் அப்படித்தான், நிழல் போட்டால் எழுத்தோடு ஒட்டிப்போகும். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியில் கைப்பற்றிய அச்சுப்பொறி பக்கத்து வேப்பேரியில்தான் ஓடியது. இத்தனை வருஷம் கழித்தும் ர-வுக்கு வால் தேடிக்கொண்டிருக்கிறோம்!

தண்டையார்பேட்டை டிடிபி:
கொம்பு சரியாகிவிட்டது, நன்றி அண்ணே. ஆனால் பையன்களுக்கு எப்படிப் புரியவைப்பது? நிழல் இல்லாவிட்டால் ‘டம்மியா இருக்கு’ என்கிறார்கள்.

ராயபுரம் பிரஸ்:
ஸ்கிரீனில் காட்டினால் அப்படித்தான் சொல்வார்கள். நேர வரியை மட்டும் போஸ்டர் அளவிலேயே ஒரு ஏ4-ல் பிரிண்ட் போட்டு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். பேருக்கு வேண்டுமானால் தங்கக் கலர் கொடுத்துவிடுங்கள், அதில் சண்டை வேண்டாம். நேரமும் இடமும் வெள்ளையில் கறுப்பு.